துப்பாக்கிக்கு ஒரு தையல் மெஷின்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வரும் நண்பர்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பறைச் சுவரில் ஆப்பிரிக்கா படம் ஒன்று தொங்கும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடுகளை முசியே பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்லித் தருவார். கிழக்குக் கரையில் நீளமாகக் கிடந்த மொசாம்பிக் பக்கம் பிரம்பு போகாது. அது போர்த்துகீசியருடையது, நம் பாடத்தில் இல்லை என்பார்.

அந்த நாட்டின் கதையை நான் தெரிந்துகொண்டது வேலைக்குப் போன பிறகு. மாலையில் வாசகசாலைக்குப் போய் வாரக்கணக்கில் பழையதான பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் புரட்டும் பழக்கம் எனக்கு உண்டு.

மொசாம்பிக் 1975 ஜூன் 25-ல் விடுதலை பெற்றது. இரண்டே வருஷத்தில் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. ஆட்சியில் ஃப்ரெலிமோ, எதிரே ரெனாமோ. ரெனாமோவுக்கு முதலில் ரொடீஷியாவும் பிறகு தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசும் கைகொடுத்தன. 1992 வரை நீடித்த போரிலும், கூடவே வந்த பஞ்சத்திலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய 50 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். ரயில் பாதை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நாசம். 1987-ல் சர்வதேச நிதியத்தின் யோசனைப்படி சீர்திருத்தம் வந்தது. மெட்டிகல் நாணயத்தின் மதிப்பு இறங்கியது, விலைவாசி ஏறியது. துப்பாக்கிக்குத் தப்பியவனைக் கடைத்தெரு பிடித்துக்கொண்டது.

சமாதானம் செய்து வைத்தது பெரிய வல்லரசு எதுவும் இல்லை. ரோம் நகரில் 1968-ல் மாணவர்கள் சிலர் தொடங்கிய சான்த் எஜிதியோ என்ற அமைப்பு அது. போர்க்காலத்தில் மொசாம்பிக்குக்கு உணவும் மருந்தும் அனுப்பி, அதன் மூலம் இரு தரப்பிலும் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார்கள். பெய்ரா பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸும் உடன் நின்றார். 1990 ஜூலையில் தொடங்கிய பேச்சு, 1992 அக்டோபர் 4-ல் கையெழுத்தில் முடிந்தது. அதே மாதம் பொது மன்னிப்புச் சட்டமும் வந்தது.

கையெழுத்து ஆகிவிட்டது. ஆனால் காட்டிலும், மண்ணுக்கடியிலும், வீட்டுக்கூரையிலும் ஒளித்து வைத்த துப்பாக்கிகள் அப்படியே இருந்தன. பசித்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1995-ல் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே முன்னின்று, மொசாம்பிக் கிறிஸ்தவ சபைகள் மன்றம் ஒரு திட்டம் தொடங்கியது. ஆயுதத்தைக் கொடு, தொழில் கருவியை வாங்கிப் போ. அவ்வளவுதான். மண்வெட்டி, சைக்கிள், தையல் மெஷின், வீடு கட்டச் சாமான் என்று கொடுத்தார்கள். ஒரு கிராமம் சேர்ந்து ஆயுதங்களை ஒப்படைத்து ஒரு டிராக்டரே வாங்கியது. வந்த துப்பாக்கிகளை அறுத்துத் துண்டாக்கினார்கள். அந்தத் துண்டுகளைக் கொண்டு கெஸ்டர் என்ற கலைஞர் 2001-ல் செய்த நாற்காலி இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் உள்ள துப்பாக்கிகளில் ஒன்றுகூட ஆப்பிரிக்காவில் செய்யப்பட்டதில்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நிவாரணப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த சமயம், இரண்டு மீனவக் குப்பங்களுக்குள் சண்டை வந்து வலையும் படகும் எரிந்துபோயின. நிவாரண மனுவில் ஒரு கலம் இருந்தது: ‘சேதப்படுத்தியவர் பெயர்’. அது காலியாக இருந்தால் மனுவைத் திருப்பி அனுப்புவது என் வேலை. வயதான அம்மா ஒருவர், "யாருன்னு தெரியாதுய்யா, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன், நாளைக்கு அவன் மூஞ்சியிலதானே முழிக்கணும்" என்றார். நான் விதியைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெயரோடு வந்தார். இப்படி எல்லாரும் ஒரு பெயர் எழுதினார்கள். பணம் கிடைத்தது. அந்தப் பெயர்கள் வழக்காக மாறின. இரு குப்பத்துக்கும் இடையே இருந்த கொள்வினை கொடுப்பினை வருஷக்கணக்கில் நின்றுபோனது. அந்தக் கலத்தை நீக்கலாம் என்று ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மொசாம்பிக் கிராமங்களில், நீ யாரைச் சுட்டாய் என்று கேட்டுவிட்டுத் தையல் மெஷின் கொடுக்கவில்லை. போரிலிருந்து திரும்பிய பையன்களை ஊர் வைத்தியர்கள் சடங்கு செய்து, நீராட்டி, ஊரோடு சேர்த்துக்கொண்டார்கள். நியாயம் கிடைக்காமல் போனவர்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள். அந்தக் குறையை மறைக்க முடியாது. 2013-ல் மறுபடியும் மோதல் வந்தது, 2019-ல் மறுபடியும் ஒப்பந்தம் போட்டார்கள். 2017-லிருந்து வடக்கே கபோ தெல்காதோவில் வேறொரு சண்டை. மண்வெட்டி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது.

ஆனாலும் உதவி என்பது கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதோடு முடிவதில்லை, கொடுக்கும்போது என்ன கேட்கிறோம் என்பதும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓய்வூதியக் காலம் வரை ஆகிவிட்டது. அந்த அம்மா இப்போது இல்லை. இருந்தால், மனுவைத் திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.