கூட்டப்படும் வரிகள்: விளையாட்டுக் கருவி எமுலேட்டரில் செயலி வேகத்தை மாற்றுதல்

1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிண்டெண்டோவின் ஃபாமிகாம், அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரில் பரவியது. அமெரிக்க, ஜப்பானிய வடிவங்களில் செயலியும் படச்சில்லும் ஒரே படிகத்தின் துடிப்பை நம்பியிருக்கின்றன. படிகம் நொடிக்கு ஏறத்தாழ 2.15 கோடி முறை துடிக்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ரிக்கோ 2ஏ03 செயலியின் 1.79 மெகாஹெர்ட்ஸ்; நான்கால் வகுத்தால் படச்சில்லின் 5.37 மெகாஹெர்ட்ஸ். செயலியின் ஒரு சுழற்சிக்குள் படச்சில்லு மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். ஒரு திரைவரிக்கு 341 புள்ளிகள், ஒரு சட்டகத்துக்கு 262 வரிகள். ஆகவே நொடிக்கு அறுபது முறை வரும் ஒவ்வொரு சட்டகத்திலும் செயலிக்குக் கிடைப்பது சுமார் 29,780 சுழற்சிகள் மட்டுமே. ஆட்டத்தின் கணக்கு அதற்குள் முடியாவிட்டால் அடுத்த சட்டகமும் அதிலேயே கரைந்துபோகும். திரையில் எல்லாம் பாதி வேகத்தில் ஊரும். எதிரிகள் குவியும் கட்டங்களில் பழைய ஆட்டங்கள் திணறுவது இதனால்தான். உருவங்கள் மினுங்குவது வேறு சங்கதி. ஒரே வரியில் எட்டு உருவங்களுக்கு மேல் வரையப் படச்சில்லால் இயலாது. செயலியை எவ்வளவு விரட்டினாலும் அந்தக் குறை தீராது.

இந்தத் திணறலைப் போக்க, கருவியை மென்பொருளில் போலச்செய்யும் எமுலேட்டரின் மூலநிரலைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது 1789773 என்ற மாறிலி. அதைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலான நிரல்களில் அந்த எண் ஒலி மாதிரிகளைக் கணக்கிடுவதற்கே பயன்படுகிறது. ஆட்டத்தின் வேகம் அதில் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது மையச் சுற்று. செயலிப் பகுதி ஒரு கட்டளையை நிறைவேற்றிச் செலவான சுழற்சிகளைத் தெரிவிக்கும். சுற்று அதை மூன்றால் பெருக்கி, அத்தனை புள்ளிகள் படச்சில்லை நகர்த்தும். எமுலேட்டருக்குள் மெகாஹெர்ட்ஸ் என்று தனியே எதுவும் கிடையாது. உறுப்புகளுக்கிடையே உள்ள விகிதங்கள்தான் உண்டு.

மூன்றை இரண்டாக்கினால் சட்டகத்துக்கு 44,671 சுழற்சிகள் கிடைக்கும். ஒரே எழுத்தை மாற்றி ஒன்றரை மடங்கு வேகம் பெறுவது கவர்ச்சியான வழிதான், ஆனால் அதன் விளைவுகள் முதலில் காதில் விழும். 2ஏ03 சில்லுக்குள்ளேயே ஒலியாக்கியும் இருக்கிறது. அதன் எண்ணிகள் செயலியின் துடிப்பில் ஓடுபவை. துடிப்பு 3:2 விகிதத்தில் உயர்ந்தால் சுரமும் அதே விகிதத்தில் உயரும். குரல் (ச) நின்ற இடத்தில் இளி (ப) ஒலிக்கும். தாளமோ மாறாது. இசையை நகர்த்தும் துணைநிரலைப் பெரும்பாலான ஆட்டங்கள் சட்டகத்துக்கு ஒருமுறை அழைக்கின்றன. சட்டகங்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஒலியின் ஓட்டத்தைக்கொண்டே தன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எமுலேட்டராக இருந்தால் நிலைமை தலைகீழ்: ஒன்றரை மடங்கு ஒலி மாதிரிகள் இசைத்து முடியும்வரை அது காத்திருக்கும், சுரம் சரியாகவே இருக்கும், ஆட்டம் நொடிக்கு 40 சட்டகங்களுக்கு இறங்கிவிடும். வேகத்தைக் கூட்டப்போய்க் குறைத்த கதை.

ஒலியாக்கிக்குத் தனித் துடிப்பு கொடுத்து இதைச் சரிசெய்யலாம். திரையைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல. மேலே நகராத மதிப்பெண் பட்டை, கீழே உருளும் நிலப்பரப்பு என்று திரையைப் பிரிக்கும் ஆட்டங்கள் பல, குறிப்பிட்ட வரி வரும்வரை சுழற்சிகளை எண்ணிக் காத்திருக்கின்றன. விகிதம் மாறினால் அந்த எண்ணிக்கை முன்கூட்டியே முடிந்து, படம் தவறான வரியில் வெட்டுப்படும். ஆட்டத்தை எழுதியவர் படம் வரையப்படும் நேரத்தில் 3:1 விகிதத்தை உறுதி என்று நம்பியே எழுதியிருக்கிறார். அதைத் தொடும் எந்த மாற்றமும் ஏதோ ஓர் ஆட்டத்தை உடைக்கும்.

தொடாமலே நேரத்தைக் கூட்டும் வழி உண்டு. 262 வரிகளில் படம் தெரிவது 240-இல். அதன்பின் ஒரு வரி சும்மா கழிய, என்.எம்.ஐ. எனப்படும் குறுக்கீடு எழுந்து அடுத்த சட்டகத்தின் வேலையைத் தொடங்கிவைக்கிறது. அந்தச் சும்மா வரியை அடுத்து, குறுக்கீட்டுக்கு முன், 131 வெற்று வரிகளைச் செருகினால் செயலிக்குப் பாதியளவு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். படம் வரையப்படும்போது விகிதம் 3:1 ஆகவே நீடிக்கும். எஃப்.சி.இ.யு.எக்ஸ்., மெசன் ஆகிய எமுலேட்டர்கள் இவ்வழியையே பின்பற்றுகின்றன. மெசன் குறுக்கீட்டுக்குப் பின்னும் வரிகளைச் செருக விடுகிறது. ஆனால் குறுக்கீட்டிலிருந்து சுழற்சிகளை எண்ணித் திரையைப் பிரிக்கும் ஆட்டம் அங்கே தடுமாறும் என்பதால், முன்னால் செருகுவதே பாதுகாப்பானது.

இது எமுலேட்டர்காரர்களின் குறுக்குவழி என்று ஒதுக்கிவிட முடியாது. 1990-களில் ரஷ்யாவில் விற்ற டெண்டி என்ற நகல் கருவி, ஐரோப்பியத் தொலைக்காட்சியின் 312 வரிகளுக்கு ஆட்டங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. நிண்டெண்டோவின் ஐரோப்பியக் கருவி கூடுதல் 50 வரிகளைக் குறுக்கீட்டுக்குப் பின் வைத்து, விகிதத்தையும் 3.2 ஆக்கியது. டெண்டியின் சில்லுகள் விகிதத்தை மூன்றாகவே வைத்து, அந்த 50 வரிகளையும் குறுக்கீட்டுக்கு முன் தள்ளின. சட்டகத்துக்கு 35,464 சுழற்சிகள்; ஜப்பானிய ஆட்டங்களுடன் பொருத்தமும் அதிகம். மலிவு நகல் என்று பெயர்பெற்ற கருவி மூலக்கருவியின் சொந்த ஐரோப்பிய வடிவத்தைவிட இதில் நுட்பமாக நடந்துகொண்டது.

வரிகளைச் செருகுவது மட்டும் போதாது. அந்த வரிகளில் எது ஓடக்கூடாது என்பதையும் நிரல் அறிந்திருக்க வேண்டும். ஒலியாக்கி நிற்க வேண்டும். கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சில்லுகளும் கவனிக்கத்தக்கவை. நிண்டெண்டோவின் எம்.எம்.சி.3 படச்சில்லின் முகவரிக் கம்பியைப் பார்த்து வரிகளை எண்ணுவதால், படமெடுக்காத வெற்று வரி அதற்குத் தெரியாது. சன்சாஃப்டின் எஃப்.எம்.இ.-7 செயலியின் சுழற்சிகளையே எண்ணுகிறது. வெற்று வரிகளில் அதை உறையவைக்காவிட்டால் அதன் குறுக்கீடு இடம் மாறும். பேச்சொலியைச் செயலியே துண்டு துண்டாக ஒலிப் பதிவகத்தில் எழுதும் ஆட்டங்களுக்கோ மருந்தே இல்லை: உறைந்த நேரத்தில் எழுதிய துண்டுகள் ஒலிக்காமல் போகும். எஃப்.சி.இ.யு.எக்ஸ். அத்தகைய ஒலி வரும்போது கூடுதல் வரிகளை நிறுத்திவைக்கும் தெரிவைத் தருகிறது. தோல்வியை ஒப்புக்கொள்ளும் தீர்வு, ஆனால் நேர்மையானது.

1990-இல் வந்த சூப்பர் ஃபாமிகாமுக்கும் இதே தர்க்கம் பொருந்துகிறது. பிஸ்னெஸ் எமுலேட்டரின் மூலநிரலில், சட்டகத்தின் கடைசி வரியை எட்டியதும் ஓர் இலக்கு கணக்கிடப்படுகிறது: 262 வரிகளை 1364 துடிப்புகளால் பெருக்கி, அதைக் கேட்ட வேக மடங்கால் பெருக்கி, முதல் பெருக்குத்தொகையைக் கழித்தால் வரும் எண். இருமடங்கு வேகம் வேண்டுமெனில் 3,57,368 துடிப்புகள். அந்த இலக்கை எட்டும்வரை செயலி மட்டும் ஓடும். படச்சில்லும் ஒலிச்செயலியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இக்கருவியின் கேட்ரிட்ஜுக்குள் வந்த சூப்பர் எஃப்.எக்ஸ். சில்லில் நிலைமை வேறு. 1993-இல் ஸ்டார் ஃபாக்ஸ் ஆட்டத்தின் முப்பரிமாண உருவங்களை வரைந்த அச்சில்லு திரைவரியைப் பின்பற்றுவதில்லை. எனவே பிஸ்னெஸ் அதன் அலைவெண்ணை நேரடியாகவே பெருக்குகிறது. நிரலளவில் எதுவும் உடையாது. ஆனால் ஸ்டார் ஃபாக்ஸில் கப்பல் நகர்வதே வரைந்து முடித்த சட்டகங்களின் கணக்கில்தான். சில்லு விரைவாக வரைந்தால் படம் சீராவதோடு ஆட்டமே வேகமெடுத்துக் கடினமாகிவிடும். அதைத் தவிர்க்க ஆட்டத்தின் நிரலையே திருத்த வேண்டும்; எமுலேட்டரின் மூலநிரலில் அதற்கு இடமில்லை.

பதிவுசெய்த ஆட்டங்களையும் இம்மாற்றம் பாதிக்கிறது. பொத்தான் அழுத்தங்களைச் சட்டக வாரியாகச் சேமிக்கும் கோப்பு, திணறிய சட்டகங்கள் எவை என்பதை மறைமுகமாக நம்பியிருக்கிறது. திணறல் நீங்கினால் அழுத்தங்கள் தவறான கணத்தில் விழுந்து, வீரன் வெறும் சுவரில் மோதிக்கொண்டிருப்பான். செருகிய வரிகளின் எண்ணிக்கையையும் நிறுத்திவைக்கும் தெரிவுகளையும் அக்கோப்பிலேயே எழுதிவைத்தால்தான் பதிவு பின்னொரு நாள் பிசகாமல் ஓடும்.