நோயாளியின் சொத்துக்குக் காத்திருந்தவர்கள்



வல்லரசுகள் மோதிக்கொண்டால் எந்த நாடு உடையும், எது மிஞ்சும் என்ற பேச்சு, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போதே தொடங்கிவிடுகிறது. 2006ஆம் ஆண்டில் ரால்ப் பீட்டர்ஸ் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்க இராணுவ அதிகாரி, துருக்கி முதல் பாகிஸ்தான் வரை எல்லைகளை மாற்றி ஒரு வரைபடம் வெளியிட்டார். எல்லாம் முடிவாகிவிட்டது என்று கலங்கியோர் உண்டு. அதன் பின்னர் 2011இல் இரண்டாகப் பிரிந்த நாடு சூடான். அவருடைய கணக்கில் அந்த நாடே இருக்கவில்லை!

இத்தகைய ஊகங்கள் பழையவை. 1853 ஜனவரியில் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிரிட்டிஷ் தூதர் ஹாமில்டன் சீமோரிடம் உதுமானியப் பேரரசைப் பற்றிப் பேசினார். அதனைக் கடும் நோயாளிக்கு ஒப்பிட்டு, உயிர் பிரியுமுன் பங்கீட்டைப் பேசிக்கொள்வது நல்லது என்றார். எகிப்தையும் கிரீட் தீவையும் பிரிட்டன் எடுத்துக்கொள்ளத் தமக்கு மறுப்பில்லை என்பதையும் அடுத்தடுத்த சந்திப்புகளில் உணர்த்தினார். மூச்சு நிற்குமுன்பே கஃபன் துணி அளக்கும் வேலை இது.

பிரிட்டன் இணங்கவில்லை. உதுமானியர் மீது அன்பு கொண்டதனால் அன்று. இஸ்தான்பூல் ரஷ்யாவின் கைக்குப் போனால் இந்தியாவுக்குச் செல்லும் தன் வழிக்கு ஆபத்து என்று அஞ்சியதனால். அதே ஆண்டில் மூண்ட கிரீமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் உதுமானியர் பக்கம் நின்றன. 1856இல் ரஷ்யா தோல்வியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

ஆனால் அவரை உண்மையில் வீழ்த்திய நோய் அந்தப் போரின்போதே உள்ளே புகுந்தது. 1854இல் உதுமானிய அரசு முதன்முறையாக ஐரோப்பியச் சந்தையில் வட்டிக்குக் கடன் வாங்கியது. போர்ச்செலவு தவிர்க்க இயலாதது என்றே வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் பொன்னைக் கொட்டிக் கட்டி, 1856இல் முடித்த டோல்மாபாச்சே அரண்மனைக்கு என்ன சமாதானம் சொல்வது? கடனிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்திற்குத் தலைமை வகித்த அரசு, பழைய கடனின் வட்டிக்காகப் புதுக்கடன் வாங்கும் நிலைக்கு வந்தது. 1875இல் வட்டியை முழுமையாகக் கட்ட இயலாதென்று அறிவித்தது. 1881இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் 'பொதுக்கடன் நிர்வாகம்' அமைந்தது. உப்பு, புகையிலை, பட்டு, மீன், முத்திரைத்தாள் ஆகியவற்றின் வருவாய் கடன்காரர்களின் பிரதிநிதிகள் அமர்ந்த அந்த நிர்வாகத்தின் கைக்குப் போனது. எல்லைக்கோடு எதுவும் மாறவில்லை. கஜானாவின் சாவி மாறிவிட்டது.

முதல் உலகப் போரில் உதுமானியர் ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தனர். 1915இல் ரஷ்யாவுக்கு இஸ்தான்பூலை வாக்களித்த பிரிட்டனும் பிரான்சும், 1916 மே மாதத்தில் மார்க் சைக்ஸ், ஜார்ஜ் பிக்கோ ஆகிய இருவரின் பெயரால் அறியப்படும் இரகசிய ஒப்பந்தத்தில் அரபு நிலங்களைப் பங்கிட்டன. ஒரு மாதத்திற்குள் மக்காவின் ஷரீஃப் ஹுசைன், பிரிட்டனின் வாக்குறுதியை நம்பி உதுமானியருக்கு எதிராகக் கிளர்ந்தார். அவருக்கு அந்த ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நோயாளியின் சொத்துக்குக் காத்திருந்தவரின் வீட்டில் என்ன நடந்தது? நிக்கோலஸின் கொள்ளுப்பேரனான இரண்டாம் நிக்கோலஸ் 1917 மார்ச்சில் அரியணையை இழந்தார். அந்த நவம்பரில் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளே சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தத்தை நாளேடுகளில் அம்பலப்படுத்தினர். 1918இல் ஆஸ்திரியா–ஹங்கேரியும் சிதறியது. உதுமானிய சுல்தான் பதவியோ 1922 நவம்பர் வரை நீடித்தது. கிலாபத் 1924 மார்ச் 3 அன்றே நீக்கப்பட்டது. மையித்துக்குக் கூடியவர்கள் முந்திக்கொண்டார்கள்.

கடன் மட்டும் மரிக்கவில்லை. 1923இல் லோசான் உடன்படிக்கை அதனைத் துருக்கிக்கும் பிரிந்துபோன நாடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. தன் பங்கின் கடைசித் தவணையைத் துருக்கி 1954இல் செலுத்தியது. முதற்கடன் வாங்கி அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.