எண்ணெய்ப் பணமும் கலைக்கூடங்களும்: பிரிட்டனில் ஒரு காலநிலைப் போராட்டம், 2010–2023

காலநிலை மாற்றத்துக்கு எதிராகக் கலை என்ன செய்ய முடியும் என்று கேட்டால், உருகும் பனியைக் காட்டும் படைப்புகளே பலருக்கும் நினைவுக்கு வரும். 2015 டிசம்பரில் பாரிஸ் காலநிலை மாநாடு நடந்தபோது, கலைஞர் ஓலாஃபர் எலியாசன் கிரீன்லாந்திலிருந்து 12 பெரும் பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து, பாந்தியோன் சதுக்கத்தில் கடிகார வடிவில் அடுக்கி உருகவிட்டார். வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், கலங்கினார்கள். வீட்டுக்குப் போனபின் என்ன செய்தார்கள் என்பதுதான் ஆய்வாளருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு கலைச் செயல் எங்கே தொடங்கி எதை மாற்றியது என்று ஆவணங்களோடு பின்தொடரக்கூடிய வரலாறு லண்டனில் இருக்கிறது. அங்கே கலைஞர்கள் பனியைப் பற்றிப் பேசவில்லை. தங்கள் கலைக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள்.

எண்ணெய் நிறுவனமான பிபி, 1990 முதல் லண்டனின் டேட் மாடர்ன், டேட் பிரிட்டன் உள்ளிட்ட டேட் கலைக்கூடங்களுக்கு நிதி அளித்துவந்தது. பிரிட்டிஷ் ஓவியர் டர்னரின் ஓவியங்கள் இருக்கும் இடத்தில் தன் சின்னமும் இருந்தால், எந்த விளம்பரமும் தராத நன்மதிப்பு கிடைத்துவிடும். அந்த நன்மதிப்புதான் புதிய கிணறு தோண்ட அனுமதி கேட்கும்போது துணை நிற்கிறது.

2010 ஜனவரியில் டேட் மாடர்ன், கலையும் ஒத்துழையாமையும் குறித்து ஒரு பயிலரங்கு நடத்தியது. நிதியளிப்பவர்களுக்கு எதிராக எதுவும் செய்யக்கூடாது என்று அதை நடத்த வந்தவர்களுக்கு நிர்வாகம் முன்கூட்டியே சொல்லிவைத்தது. அந்தத் தடையே பயிலரங்கின் பேசுபொருள் ஆனது. அங்கிருந்து பிறந்த குழுதான் ‘லிபரேட் டேட்’.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்காகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டிக்கொண்டே இருந்தது. அது இன்னும் கொட்டிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், பிபி உறவின் 20 ஆண்டு நிறைவை டேட் விருந்து வைத்துக் கொண்டாடியது. முகத்திரையும் கருப்புடையும் அணிந்த லிபரேட் டேட் குழுவினர் வாசலில் எண்ணெய் நிறத்து மொலாசஸ் பாகைக் கொட்டினார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் டேட் பிரிட்டனின் தரையில் ஒருவர் உடையின்றிச் சுருண்டு கிடக்க, அவர் மேல் எண்ணெய் போன்ற கருந்திரவம் ஊற்றப்பட்டது. அவர் 87 நிமிடம் அப்படியே கிடந்தார், எண்ணெய் கசிந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிமிடம்.

இந்தச் செயல்களில் மிகக் கூர்மையானது 2012 ஜூலை 7 அன்று நடந்தது என்பேன். 16.5 மீட்டர் நீளமும் ஒன்றரை டன் எடையும் கொண்ட காற்றாலை இறக்கை ஒன்றை, நூற்றுக்கும் மேற்பட்டோர் பகுதி பகுதியாகச் சுமந்து மில்லெனியம் பாலத்தின் வழியாக டேட் மாடர்னுக்குள் கொண்டுசென்றார்கள். அங்குள்ள டர்பைன் கூடத்தின் தரையில் அதை ஒன்றுசேர்த்துக் கிடத்தினார்கள். அந்தக் கட்டடம் 1981 வரை எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரித்த பேங்க்சைடு மின்நிலையம் என்பதை அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இறக்கையை நாட்டுக்கான அன்பளிப்பாக, அருங்காட்சியகச் சட்டத்தின்படி, முறைப்படி எழுதியே கொடுத்தார்கள். டேட் ஏற்க மறுத்தது. ஆனால் அந்த அன்பளிப்பைப் பரிசீலிக்காமல் ஒதுக்க அதன் சொந்த விதிமுறைகளே இடம் தரவில்லை. இக்குழு வாசலில் கோஷம் எழுப்பிவிட்டுக் கலைந்த கூட்டம் அல்ல. கலைக்கூடம் எந்த மொழியில் பேசுமோ அந்த மொழியில், நல்ல கலையாகவே பேசியது.

கூடவே சட்டப் போராட்டமும் நடந்தது. பிபி எவ்வளவு கொடுத்தது என்பதை டேட் வெளியிட மறுத்துவந்தது. தகவல் உரிமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு 2015 ஜனவரியில் கணக்கு வெளியானது. 1990 முதல் 2006 வரையிலான 17 ஆண்டுகளில் மொத்தம் 38 லட்சம் பவுண்டு. ஓர் ஆண்டில் கிடைத்த அதிகபட்சத் தொகையே 3.3 லட்சம்தான். இந்தப் பணம் இல்லாமல் கலைக்கூடம் நடக்காது என்ற வாதம் அன்றே வலுவிழந்தது. அந்த ஜூனில், தேம்ஸ் நதியின் ஓர் ஓத ஏற்றத்தில் தொடங்கி 25 மணி நேரம், குழுவினர் டர்பைன் கூடத்துத் தரை முழுவதும் கரிக்கட்டியால் எழுதினார்கள். இரவிலும் வெளியேறவில்லை.

2016 மார்ச்சில் பிபி விலகுவதாக அறிவித்தது. 26 ஆண்டு உறவு அடுத்த ஆண்டோடு முடிந்தது. வணிகச் சூழல் சரியில்லை என்பதே நிறுவனம் சொன்ன காரணம். 2014 முதல் எண்ணெய் விலை சரிந்தது உண்மை. ஆனால் அதே 2016 ஜூலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய உருவப்படக் காட்சியகம், ராயல் ஆப்பெரா ஹவுஸ், ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு ஆகிய நான்குக்கும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு 75 லட்சம் பவுண்டு தர அதே பிபி ஒப்புக்கொண்டது. பணத்தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்றால் இந்த ஒப்பந்தத்தை எப்படி விளங்கிக்கொள்வது? போராட்டமே பிபியை வெளியேற்றியது என்று எழுதப்பட்ட சான்று எதுவும் இல்லை. என் வாசிப்பில், ஆறு ஆண்டு காலம் விடாமல் நடந்த செயல்கள் டேட்டில் பிபி சின்னத்தை ஒரு சுமையாக மாற்றிவிட்டன.

பிறகு நாடக அரங்கில் நடந்தது இந்த வாசிப்புக்கு வலு சேர்க்கிறது. 16 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு ஷேக்ஸ்பியர் குழு தந்த ஐந்து பவுண்டு டிக்கெட்டுக்கு பிபிதான் நிதி. ‘பிபி ஆர் நாட் பிபி’ என்ற நடிகர் குழு 2012 முதலே நாடகம் தொடங்குமுன் மேடையேறி, ஷேக்ஸ்பியர் பாணி வசனத்தில் பிபியின் நிதியைக் கண்டித்துவந்தது. 2019 ஜூனில் நடிகர் மார்க் ரைலன்ஸ் இந்த நிதி உறவுக்காகவே ஷேக்ஸ்பியர் குழுவிலிருந்து விலகினார். செப்டம்பரில், காலநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம் செய்துவந்த மாணவர்கள், பிபி உறவு நீடித்தால் நாடகங்களைப் புறக்கணிப்போம் என்று கடிதம் எழுதினார்கள். எந்த வயதினருக்காக அந்தச் சலுகையோ, அந்த வயதினரே வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதமே ஷேக்ஸ்பியர் குழு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது, இளைஞர்களின் கருத்தைக் காரணமாகக் குறிப்பிட்டு. உருவப்படக் காட்சியகத்தின் உறவு முடிவுக்கு வருவது 2022இலும், ஆப்பெரா ஹவுஸின் உறவு முடிந்தது 2023 தொடக்கத்திலும் அறிவிக்கப்பட்டன.

அந்த நான்கில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மட்டும் அசையவில்லை. 2020 பிப்ரவரியில் பிபி நிதியில் ட்ராய் கண்காட்சி நடந்தபோது, போராட்டக்காரர்கள் ஒரு மரக்குதிரையையே அதன் முற்றத்தில் நிறுத்தினார்கள். ஆனாலும் 2023 டிசம்பரில், கட்டடப் புதுப்பிப்புப் பணிக்காகப் பத்து ஆண்டுகளில் ஐந்து கோடி பவுண்டு பெறும் ஒப்பந்தத்தை அது அறிவித்தது. சராசரியாக ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு. டேட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைத்த அந்த அதிகபட்சத் தொகையைப் போல் சுமார் 15 மடங்கு. இடைப்பட்ட கால விலைவாசி உயர்வைக் கழித்தாலும், ஒரு பொதுக் கலைக்கூடத்தின் சுவரில் இடம்பிடிக்க எண்ணெய் நிறுவனம் இன்று தர வேண்டியிருக்கும் விலை பல மடங்கு ஏறியிருக்கிறது.