மாச்சாக்கில் தைத்த கேள்வி

ஒரு துணியை வெட்டி இன்னொரு துணிக்கு மேல் வைத்துத் தைக்கிறதுதான் அப்ளிக். ஆனால் எப்பிடித் தைக்கிறது எண்டதில் பல வழி இருக்கு. விளிம்பை உள்ளே மடித்து, தையலே தெரியாமல் செய்யலாம். பனாமாவின் குணா பெண்களைப்போல துணிகளை அடுக்கி வைத்து, மேல்துணியை வெட்டி, அடித்துணியின் நிறத்தை வெளியே காட்டலாம். இரண்டுக்கும் நேரமும் பழகின கையும் வேணும். 1970களில் சிலியின் தலைநகர் சந்தியாகோவில் ஊசி எடுத்த பெண்கள் பலரிடம் அவை இருக்கவில்லை.

1973 செப்டெம்பர் 11இல் இராணுவம் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்தது. பினோசேயின் ஆட்சியில் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவேயில்லை. வீட்டில் மிஞ்சின தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் பிள்ளையைத் தேடவும் வேணும், உலை வைக்கவும் வேணும். 1974இல் திருச்சபைகளின் உதவியோடு தையல் பட்டறைகள் தொடங்கின. 1976 முதல் கர்தினால் சில்வா என்ரிக்கேஸ் நிறுவிய ‘ஒருமைப்பாட்டு விகாரியம்’ அவற்றைத் தாங்கிக்கொண்டது.

அடித்துணி மாச்சாக்கு. ஸ்பானிய மொழியில் சாக்குத்துணிக்கு ‘அர்பில்லேரா’ எண்டு பேர். தைத்த படத்துக்கும் அதுவே பேராயிற்று. சாக்கில் படம் செய்கிறது அங்கே புதிதில்லை. பாடகி வியோலெத்தா பார்ரா சாக்கில் கம்பளி நூலால் எம்பிராய்டரி செய்து, 1964இல் பாரிஸில் லூவ்ர் மாளிகையிலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தவர். ஆனால் ஒரு படம் முழுக்க நூலால் நிரப்ப எவ்வளவு நூல், எவ்வளவு நாள்! வெட்டுத்துண்டு எண்டால் ஒரே துண்டில் வானம் முடிஞ்சிடும்.

அதால் இவர்கள் அப்ளிக்குக்குப் போனார்கள், அதிலும் மிக நேரடியான முறைக்கு. துண்டை வைத்து, சுற்றிவர பிளாங்கெட் தையல் போடுறது. தையல் தெரிஞ்சால் தெரியட்டும். பின்னால் அந்தீஸ் மலை, மேலே சூரியன், முன்னால் பஞ்சடைத்த குட்டிப் பொம்மை மனிதர்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தார்கள். விளிம்பை மடித்து ஒளிக்காத தையலில் அந்தத் துணி எந்தச் சட்டை எண்டு அடையாளம் தெரியும். நுணுக்கமான வேலையில் இது நடந்திருக்காது எண்டுதான் எனக்குப் படுகுது.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. பார்க்கிறதுக்கு இது பொம்பிளையள் பொழுதுபோக்குக்குச் செய்த கைவேலை. அந்தத் தோற்றத்தோடேயே அவை நாட்டை விட்டு வெளியேறி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விற்பட்டன. சிலதின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பை, அதுக்குள் மடித்த கடிதம்.

பல படங்களில் ‘எங்கே அவர்கள்?’ எண்டு தைத்திருக்கும். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டில்களில் இருந்த அம்மாக்களின் கேள்வியும் அதுதான். அவர்களின் கையில் இருந்தது புகைப்படம். சிலிப் பெண்கள் படத்தையும் தைத்தார்கள். ‘குவேக்கா’ ஆணும் பெண்ணும் சோடியாக ஆடுகிற நடனம். அர்பில்லேராவில் அதை ஒரு பொம்மை மட்டும் ஆடுது, நெஞ்சில் ஒரு ஆணின் முகம்.