கையும் காலும் இல்லாத காஞ்சித் துறவி

காஞ்சிபுரத்து இளவரசர் ஒருவர் அரண்மனையை உதறிவிட்டுக் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார் என்கிறது மரபு. காலம், கி.பி. 5 அல்லது 6-ம் நூற்றாண்டு. பழைய சீன ஏடு ஒன்று அவரைப் பாரசீகர் என்றது. இன்னொன்று தென்னிந்தியர் என்றது. எந்த ஊராரோ, போதிதர்மர் என்ற அந்தத் துறவி ஷாவோலின் மடத்தில் சுவரைப் பார்த்தபடி ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்தாராம். தூக்கம் வந்ததும் இமைகளையே அறுத்தெறிந்தாராம். அசையாமல் இருந்து இருந்து கைகால்கள் சூம்பிப் போயினவாம். அந்தக் குறைதான் பிற்பாடு ஒரு தொழிலுக்கே மூலதனமாயிற்று.

அவர் வழிவந்த ஜென் பௌத்தம் ஜப்பானுக்குப் போனபோது அவர் பெயர் தருமா ஆனது. சீனாவிலிருந்து ஒரு விளையாட்டுச் சாமானும் அங்கே போய்ச் சேர்ந்தது. நம் தஞ்சாவூர் பொம்மை மாதிரி அடி கனத்தது, சாய்த்தால் எழுந்துவிடும். கைகால் இல்லாத துறவிக்கு அந்த உருண்டை உடம்பு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. ஆனாலும் அது குழந்தைகள் உருட்டி விளையாடும் பொம்மையாகவே இருந்தது, எரிமலை ஒன்று வெடிக்கும்வரை.

1783-ல் அசாமா மலை வெடித்தது. வயல்களைச் சாம்பல் மூடியது. ஏற்கெனவே தொடங்கியிருந்த பஞ்சம் கோரமானது. அந்த வட்டாரத்துத் தகாசாகி ஊரில் 1697-ல் எழுந்த ஷோரின்சான் கோயில், புத்தாண்டுதோறும் தருமாவின் படத்தைக் காப்பாக வழங்கிவந்தது. படம் பசி தீர்க்குமா? கோயிலின் 9-வது குரு டோகாகு ஒரு காரியம் செய்தார்.

மரத்தில் தருமாவின் அச்சைச் செதுக்கினார். அதன்மேல் காகிதத்தை ஒட்டி, காயவைத்து, கீறி அச்சை உருவியெடுக்கும் வித்தையை, பொம்மை விற்றுப் பிழைக்கட்டும் என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். துறவியின் அங்கி நிறமும், அம்மையை விரட்டும் என்று நம்பப்பட்ட நிறமும் சிவப்புதான், பொம்மை சிவப்பானது. புருவத்தில் கொக்கும் தாடியில் ஆமையும் வந்தன, நீண்ட ஆயுளுக்கு. பட்டுப்புழு வளர்த்தவர்கள் புழு நன்றாக வளரவேண்டி அதை வாங்கிப்போனார்கள். கண்களை மட்டும் வெறுமையாக விட்டார்கள். வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண்ணை வரையவேண்டும், பலித்ததும் மற்றொன்றை. தேர்தலில் ஜெயித்த அரசியல்வாதிகள்கூட கேமரா முன்னால் இரண்டாவது கண்ணை வரைந்தார்கள்.

ஹலோ கிட்டி பூனை முகத்தோடும் தருமா வந்தாயிற்று. இன்றைக்கும் ஜப்பானின் தருமா பொம்மைகளில் பெரும்பகுதி தகாசாகியில்தான் தயாராகிறது. 2025 ஆகஸ்டில் டோக்கியோ போன பிரதமர் மோடிக்கு அதே ஷோரின்சான் கோயிலின் தலைமை குரு பரிசளித்ததும் ஒரு தருமாதான்.