வைசா

பெங்களூரில் ஜோ அகர்வாலும் ரமாகாந்த் வேம்பட்டியும் உருவாக்கிய, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் மனநல உரையாடல் செயலி. பேசுவது ஒரு பென்குயின். சொந்தப் பெயர் கேட்பதில்லை, புனைபெயர் போதும். கூச்சம் விலகப் பாதிக் காரணம் இதுதான். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தழுவியது: ‘எனக்கு எதுவுமே சரிவராது’ என்று தட்டினால், அந்த எண்ணத்தையே வேறு விதமாக எழுதிப் பார்க்கச் சொல்லும். நாள்பட்ட தசை, எலும்பு வலியோடு மனச்சோர்வும் பதற்றமும் உள்ள பெரியவர்களுக்கான பயன்பாட்டுக்கு 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘திருப்புமுனைச் சாதனம்’ எனத் தகுதி அளித்தது. இது விற்பனை ஒப்புதல் அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. தற்கொலை எண்ணம் போன்ற நெருக்கடிக்கு இச்செயலி உரியதன்று. அத்தகைய நேரத்தில், நைட் ஷிப்ட் முடித்து வருபவரும் எந்நேரமும் மனிதரிடமே தமிழில் பேச, அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண் 14416 உண்டு.