பவுண்டு பவுன் ஆன கதை

ஜிம்முல டம்பெல்ஸ் பாத்திருப்பீங்க. 10 எல்.பி., 20 எல்.பி. என்று போட்டிருக்கும். படிக்கும்போது மட்டும் "பத்து பவுண்டு" என்போம். பவுண்டுங்கிற வார்த்தையில எல் எங்கேய்யா இருக்கு? ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச கேள்வி.

பதில் ரோமில் இருக்கிறது. லத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. ஒரு எடை அளவுக்கும் அதே பெயர். துலாம் ராசிக்கு ஆங்கிலத்தில் சொல்கிற அதே லிப்ராதான். 'லிப்ரா பொண்டோ' என்றால் 'எடையில் ஒரு லிப்ரா'. ஆங்கிலேயர்கள் பொண்டோவை வாயில் வைத்துக்கொண்டு, லிப்ராவை எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டன் பணத்துக்குப் போடுகிற குறிகூட குறுக்கே கோடு போட்ட லிப்ராவின் எல்தான்.

பொண்டோவின் சொந்தக்காரச் சொல் 'பெண்டெரே'. தொங்கவிடு, நிறு, பணம் கொடு என்று மூன்று அர்த்தமும் அதற்கு உண்டு. உலோகத்தைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்துக் கொடுத்ததுதானே அன்றைக்குப் பணம்! மாசாமாசம் வருகிற பென்ஷனும் இந்தக் குடும்பம்தான். 'பேலன்ஸ்' என்பது இரண்டு தட்டு. 'வெயிட்' பிறந்த பழைய ஆங்கில வினைக்கு சுமப்பது, தூக்குவது என்று பொருள். நாமும் யோசிப்பதைச் 'சீர்தூக்கிப் பார்ப்பது' என்கிறோமே, தமிழன் மட்டும் சளைத்தவனா என்ன :-)

சரி, பணத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னி அடித்தார்கள். அதனால் 240 பென்னி ஒரு பவுண்டு. அப்புறம் வந்த ராஜாக்கள் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். எட்டாம் ஹென்றி 1540-களில் செம்பை ஏகத்துக்கும் கலந்தார். காசு தேயத் தேய ராஜாவின் மூக்கு செம்பு நிறத்தில் பல்லிளித்ததால் 'செப்பு மூக்கர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. எடை போயே போச்சு, பெயர் மட்டும் நின்றது. 240 பென்னி கணக்கும் 1971 பிப்ரவரி 15 வரை நின்றது.

இதுக்கு நடுவில் 1817-ல் ஒரு பவுண்டு மதிப்புக்கு சாவரின் என்கிற தங்கக் காசு வந்தது. எடை சுமார் 7.98 கிராம். அது கப்பலேறி நம்ம ஊருக்கு வந்து 'பவுன்' ஆனது. இன்றைக்கு நகைக்கடையில் "நாலு பவுன் சங்கிலி" என்றால் யாரும் இங்கிலாந்துப் பணத்தை நினைப்பதில்லை. ஒரு பவுன் என்றால் 8 கிராம், அவ்வளவுதான்.

எடையாகப் பிறந்து, பணமாகி, ராஜாக்கள் கையில் எடையைத் தொலைத்த சொல், நம்மிடம் வந்து மறுபடி எடையாகிவிட்டது. காசில் எந்த ராஜா தலை இருந்தால் நமக்கென்ன? தராசில் வையுங்கள், பார்ப்போம்!